தை மாதக் கல்யாணம், நகை போக 12 லட்சம்: எத்தனை இலை சொல்வது? எதை எழுத விட்டிருக்கிறேன்?

மலைக்கோட்டை_தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்குத் தை மாதம் திருச்சியில் கல்யாணம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம். நகை தனிக் கணக்கு. அது போக மொத்தம் 12 லட்சம், இரண்டு வீட்டாரும் பாதிப் பாதி. இரு பக்கமும் சேர்த்து 450 பத்திரிகை. எல்லாம் சைவச் சாப்பாடு.

இதுவரை எழுதிய கணக்கு: மண்டபம் 1.5 லட்சம், சாப்பாடு 4.42 லட்சம், மேடை அலங்காரம் 80,000, போட்டோ வீடியோ 1 லட்சம், ஜவுளி 1.5 லட்சம், மேளம் 30,000, பத்திரிகை 25,000, மேக்கப் 25,000, வண்டி 40,000. கூட்டினால் 10.42 லட்சம். மீதி 1.58 லட்சத்தை இதரச் செலவு என்று வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு வந்த ரேட்: இரவு டின்னர் இலைக்கு 280, காலை டிபன் 140, முகூர்த்தச் சாப்பாடு 260. மூன்று வேளைக்கும் 650 பேர் என்று போட்டிருக்கிறேன்.

கேள்விகள்: சமையல்காரரிடம் எத்தனை இலை சொல்வது? மளிகை நாமே வாங்கிக் கொடுத்தால் குறையுமா? என் பட்டியலில் எது விட்டுப் போயிருக்கிறது?


பந்திக்கணக்கு:

மூன்று வேளைக்கும் 650 என்று போட்டதுதான் உங்கள் கணக்கில் முதல் கோளாறு. ஒரு வேளைக்கு வருகிற கூட்டம் இன்னொரு வேளைக்கு இருக்காது. பத்திரிகை கொடுக்கும் பட்டியலையே எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: டின்னர், டிபன், சாப்பாடு. ஒவ்வொன்றிலும் எத்தனை தலை என்று எழுதுங்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

மாதிரிக்கு 450 பத்திரிகையை இப்படிப் பிரித்துப் பாருங்கள், எண்களை உங்கள் வீட்டு நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பங்காளி, மாமன் மச்சான், சம்பந்தி வகை என்று நெருங்கிய வீடுகள் 70. இவர்கள் குடும்பத்தோடு வருவார்கள், வீட்டுக்கு 4 என்றால் 280, மூன்று வேளையும் இருப்பார்கள். உள்ளூரில் ஆபீஸ், தெரு, நட்பு வகை 230. இதில் 60 சதவீதம் வந்தால் 138 வீடு, வீட்டுக்கு இரண்டு பேர், 276. இவர்கள் வரவேற்பில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் தாலி கட்டும்போது இவர்களில் 90 பேர் திரும்ப வந்தால் அதிகம். வெளியூரில் தூரத்து உறவு 150. மூன்றில் ஒன்று வரும் என்று வைத்தால் 50 வீடு, 100 பேர்.

ஆக டின்னருக்கு 656, டிபனுக்கு 470. மதியச் சாப்பாட்டுக்கு உள்ளூர்க்காரர்கள் இருக்க மாட்டார்கள், வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் பஸ்ஸைப் பிடித்துக் கிளம்பியிருப்பார்கள், 330 வரலாம்.

முகூர்த்த நேரம் இங்கே முக்கியம். 6 முதல் 7.30 முகூர்த்தம் என்றால் டிபன் ஏறும், சாப்பாடு இறங்கும். ஆபீஸ் போகிறவர்கள் தாலி கட்டியதும் இட்லி பொங்கல் சாப்பிட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். 9 முதல் 10.30 முகூர்த்தமாக இருந்தால் இதே கணக்கு தலைகீழ்.

இன்னொரு கூட்டம் யார் பட்டியலிலும் இருக்காது. மேளக்காரர்கள், போட்டோகாரர்கள், அலங்கார வேலையாட்கள், டிரைவர்கள், மண்டபத்து ஆட்கள். இவர்களுக்கு வேளைக்கு 40 இலை வையுங்கள். அப்படியானால் டின்னர் 700, டிபன் 510, சாப்பாடு 370. உங்கள் ரேட்டில் 1,96,000 + 71,400 + 96,200 = 3,63,600. நீங்கள் போட்ட 4.42 லட்சத்தில் 78,400 மிச்சம். அதை அப்படியே வைத்திருங்கள், விட்டுப்போனவை நிறைய இருக்கின்றன.

இந்த எண்ணிக்கையை அப்படியே சமையல்காரரிடம் உறுதியாகச் சொல்லாதீர்கள். குறைந்தபட்ச உத்தரவாதம் என்று ஒரு எண் எழுதுவார்கள், அதற்குக் கீழே எத்தனை பேர் வந்தாலும் அந்தக் காசு கொடுத்தே ஆக வேண்டும். டின்னர் 600, டிபன் 450, சாப்பாடு 320 என்று உத்தரவாதம் கொடுங்கள். அதற்கு மேல் 15 சதவீதம் வரை தாங்குகிற மாதிரி சமைக்க வேண்டும், கூடுதல் இலைக்கு அதே ரேட் என்று எழுதி வாங்குங்கள். இது வாய்ப்பேச்சாக இருந்தால் கடைசி நேரத்தில் கூடுதல் இலைக்கு வேறு ரேட் கேட்பார்கள்.

வரவேற்பு முடிந்ததும் இரவு 10 மணிக்கு மாஸ்டரோடு ஐந்து நிமிடம் நின்று பேசி, மறுநாள் மதிய எண்ணிக்கையைத் திருத்துங்கள். யார் யார் தங்குகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். காய் வெட்டத் தொடங்கிவிட்டால் பிறகு குறைக்க இடமில்லை.

எண்ணுவது எப்படி என்றால்: பந்தி தொடங்கும் முன் இலைக்கட்டுகளை உங்கள் ஆள் ஒருவரும் சமையல்காரர் ஆள் ஒருவரும் சேர்ந்து எண்ணி எழுத வேண்டும். முடிந்ததும் மிச்ச இலையையும் கிழிந்து ஒதுக்கிய இலையையும் எண்ணிக் கழிக்க வேண்டும். கிழிந்தவற்றைத் தனியாக ஒரு மூலையில் போடச் சொல்லுங்கள். எச்சில் இலையோடு கலந்துவிட்டால் அதுவும் உங்கள் கணக்கில்தான் வரும். வேளைக்கு வேளை எண்ணி அங்கேயே இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பில்லில் தகராறு வராது.


கோட்டை_அடுப்பு:

மேலே சொன்னதோடு சமையல் பக்கம் மட்டும் சொல்கிறேன். மளிகை நாமே வாங்குவதா, காண்ட்ராக்டா என்பதற்குப் பதில் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. முதல் நாள் மதியத்திலிருந்து ஸ்டோர் ரூம் சாவியோடு உட்கார ஒரு ஆள் உண்டா? உண்டு என்றால் நீங்களே வாங்குங்கள், குறையும். இல்லை என்றால் காண்ட்ராக்டே மேல்.

வாங்கிக் கொடுப்பதென்றால் 100 இலைக்கு ஏறக்குறைய இவ்வளவு பிடிக்கும். சாதத்துக்கு அரிசி 10 முதல் 12 கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 3 கிலோ. பொரியலுக்கு, கூட்டுக்கு ஒவ்வொரு காயும் 7 முதல் 8 கிலோ. பாயசம் 10 லிட்டர். நெய் 1 லிட்டருக்குள். காபி சின்ன டம்ளர் என்றால் 100 பேருக்குப் பால் 7 முதல் 8 லிட்டர், பெரிய டம்ளர் என்றால் ஒன்றரை மடங்கு. மாஸ்டர் எழுதித் தரும் மளிகைப் பட்டியல் இதைவிட ரொம்ப ஏறியிருந்தால், ஒவ்வொரு வரியாக எதற்கு என்று கேளுங்கள். எண்ணெய், முந்திரி, நெய், ஏலக்காய் இந்த நான்கில்தான் அதிகம் கூடும். மிச்சமாகும் பாக்கெட்டைப் பிரிக்காமல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று மளிகைக் கடையில் முன்பே பேசுங்கள், பல கடைகள் ஒத்துக்கொள்ளும்.

காண்ட்ராக்ட் என்றால் சண்டை வருவது ரேட்டில் இல்லை, எது சேர்த்தி எது தனி என்பதில்தான். இலை, தண்ணீர் பாட்டில், மேசைக்கு விரிக்கும் பேப்பர் ரோல், பரிமாறும் ஆட்கள், கேஸ், பாத்திர வாடகை, எச்சில் இலை எடுக்கும் ஆட்கள், இவை ஒவ்வொன்றும் உள்ளேயா வெளியேயா என்று எழுதிக்கொள்ளுங்கள். அரிசி எந்த ரகம், எண்ணெய் எது, நெய் எது என்றும் வேண்டும். ஜிஎஸ்டி பில் போடுபவர் என்றால் 5 சதவீதம் மேலே வரும், உங்கள் 3.63 லட்சத்துக்கு அதுவே 18,000 ரூபாய். சொன்ன ரேட் அதையும் சேர்த்தா என்று இப்போதே கேளுங்கள்.

மூன்று வேளை ரேட்டில் அடங்காதவையும் உண்டு. முதல் நாள் மதியமே வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு, 4 மணிக்குக் காபியோடு ஏதாவது ஒரு பலகாரம், முகூர்த்தத்துக்கு முன் விடியற்காலை காபி, சம்பந்தி வீட்டார் கிளம்பும்போது கட்டுசாதம். விடியற்காலை காபியை மறந்தால் 4 மணிக்கு எழுந்த பெரியவர்கள் 7 மணி வரை வெறும் வயிற்றோடு இருப்பார்கள்.

ஐட்டம் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். 18 ஐட்டம் போட்டால் பாதி இலையில் அப்படியே மூடப்படுகிறது. ஒரு இனிப்பு, ஒரு நல்ல பொரியல், சூடான ரசம், கெட்டித் தயிர் இருந்தாலே சாப்பாடு நன்றாக இருந்தது என்பார்கள். சாப்பாடு வீணாவதைப் பார்க்கப் பொறுக்காது, அதனால் சொல்கிறேன்.


மலைக்கோட்டை_தம்பி:

ரொம்ப நன்றி சார் இருவருக்கும். ஸ்டோர் ரூமில் உட்கார ஆள் இல்லை, காண்ட்ராக்ட்தான். மண்டபத்தில் கல்யாண ஹாலில் 700 நாற்காலி, டைனிங் ஹாலில் 120 இருக்கை என்றார்கள். போதுமா?


பந்திக்கணக்கு:

மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் மேல் ஹாலைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். டைனிங் ஹாலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 700 பேரை 120 ஆல் வகுத்தால் 6 பந்தி. உட்கார்ந்து, சாப்பிட்டு, இலை எடுத்து, மேசை துடைத்து, அடுத்த இலை போட ஒரு பந்திக்கு 30 நிமிடம். ஆக 3 மணி நேரம். 7 மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தால் 10 மணிக்கு முடியும். 8 மணிக்குத் தொடங்கினால் கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் உங்கள் சொந்தங்களாகத்தான் இருப்பார்கள், அவர்களுக்கு எல்லாமே ஆறியிருக்கும். மாப்பிள்ளை பெண் மேடைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் 7 மணிக்கே முதல் பந்தியை அனுப்ப இரண்டு பேரை நியமியுங்கள். பரிமாற 120 இலைக்குப் பத்துப் பேராவது வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒரு பந்தி 40 நிமிடம் ஆகிவிடும்.

மண்டப விஷயத்தில் 1.5 லட்சம் என்பது வாடகை மட்டும் என்று நினைக்கிறேன். ஜிஎஸ்டி பதிவுள்ள மண்டபம் என்றால் 18 சதவீதம், அதுவே 27,000. அதற்கு மேல் கரண்ட் மீட்டர்படி, ஜெனரேட்டர் மணிக்கு இவ்வளவு, துப்புரவு, சில இடங்களில் ஏசி தனி. சாவி வாங்கும்போது மீட்டர் ரீடிங்கையும் ஜெனரேட்டர் மணிக் கணக்கையும் மண்டப ஆளை அருகில் வைத்து போனில் படம் எடுங்கள், காலி செய்யும்போதும் எடுங்கள். அலங்காரக்காரர் முதல் நாள் மதியம் ஹாலோஜன் விளக்குகளைச் சோதிக்க ஆரம்பித்தால் அந்த யூனிட்டும் உங்கள் தலையில்தான்.

நேரத்தையும் கேளுங்கள். வாடகை பெரும்பாலும் முதல் நாள் மதியம் 3 மணியிலிருந்து மறுநாள் மதியம் 3 மணி வரை. அலங்காரக்காரருக்கு மேடை போட நேரம் வேண்டும், அதனால் காலையிலேயே திறந்துவிடுவார்களா, அதற்குக் காசு உண்டா என்று தெரிய வேண்டும். வெளி அலங்காரக்காரர், வெளிச் சமையல்காரர் வந்தால் மண்டபத்துக்குத் தனித் தொகை கேட்கும் இடங்களும் உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். ஒரு சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து நின்றால் இரண்டு பக்கமும் இழப்பு.


நல்லதங்காள்_திருவரங்கம்:

தம்பி, பூவும் ஜவுளியும் நான் சொல்கிறேன்.

தை மாதம் என்பதால் மல்லிகையை நம்பிக் கணக்குப் போடாதே. பனிக் காலத்தில் செடியில் மொட்டு குறையும், முகூர்த்த நாளில் எல்லோரும் கேட்பார்கள், கிலோ ஆயிரக்கணக்கில் போகும். மேடை அலங்காரத்தைச் சம்பங்கி, செவ்வந்தி, ரோஜாவில் முடித்துக்கொள். மல்லி மணப்பெண் தலைக்கும் மாலைக்கும் மட்டும் போதும். பெண்களுக்குத் தட்டில் கொடுக்கும் பூவைக் கதம்பமாகக் கட்டச் சொன்னால் பாதியில் முடியும். அலங்காரக்காரரிடம் அன்றைய பூ விலை எப்படி இருந்தாலும் இந்தத் தொகைதான் என்று எழுதி வாங்கு. எந்தப் பூ, எத்தனை கிலோ என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் தொகையைக் காப்பாற்ற பிளாஸ்டிக் பூவைச் செருகிவிடுவார்கள். மாலை, உதிரிப்பூ, தலைப்பூ மூன்றும் அலங்காரத் தொகையில் வராது. திருவரங்கம் சாத்தார வீதிப் பூக்கடைகளில் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும்.

தாம்பூலப் பையைத் தலைக்கு ஒன்று என்று கணக்கிடாதே, வீட்டுக்கு ஒன்று. 656 பேர் வந்தாலும் 260 வீடுதான். 300 பை போதும், வாசலில் ஒரே இடத்தில் வைத்துக் கொடுத்தால். இரண்டு இடத்தில் வைத்தால் 300 பையும் 8 மணிக்கே தீர்ந்துவிடும். தேங்காய் வாங்கினால் குடுமியோடு வாங்கு, உரித்து வைத்தால் கண் பக்கம் சீக்கிரம் கெடும்.

ஜவுளிக்கு ஒன்றரை லட்சம் என்றாய். அதில் முகூர்த்தப் புடவை, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, வரவேற்பு உடை மட்டுமா, எடுத்துக் கொடுக்கும் துணியும் சேர்த்தா? ஜவுளிக் கணக்கு உடைவது எப்போதும் எடுத்துக் கொடுக்கும் துணியில்தான். அத்தை, மாமா, நாத்தனார், கொழுந்தன் என்று பெயர் எழுதி, எதிரே விலை எழுதி, அந்தத் தாளோடு கடைக்குப் போ. கடையில் போய் யோசித்தால் ஒவ்வொருவருக்கும் 300, 400 ஏறும், 30 பேருக்கு அதுவே பத்தாயிரம் தாண்டும். உறவுக்கு எடுக்கும் துணியை ஆடித் தள்ளுபடியிலேயே முடித்துவிடு, தைக்குள் கெட்டுப்போகிற பொருளா அது? பிளவுஸ் தையல், ஃபால்ஸ், முந்தானைக் குஞ்சம் தனிச் செலவு. தையல்காரர்கள் தையில் கை நிறைய வேலையோடு இருப்பார்கள். மார்கழி பிறக்கும் முன் துணி அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

நகை தனிக் கணக்கு என்றாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹால்மார்க்கோடு எச்யுஐடி என்ற அடையாளக் குறியும், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்டது, கடையில் வாங்கும் நகையில் இருக்க வேண்டும், 2023 ஏப்ரலிலிருந்து அதுதான் சட்டம். பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். கல் வைத்த நகையில் கல் எடையைக் கழித்துத் தங்க எடைக்கு மட்டும் பில் போட்டிருக்கிறார்களா என்று பார். சேதாரச் சதவீதத்தைக் கடைக்குக் கடை கேட்டுக் குறைக்கலாம், கேட்காதவருக்குக் குறைக்க மாட்டார்கள்.


வரவுசெலவு:

விட்டுப்போனவை என்று கேட்டீர்கள். பத்திரிகை வைக்கப் போகும் பெட்ரோல், வெளியூர்க்காரர்களுக்கு லாட்ஜ் அறை, பந்தக்கால், நலங்கு, ஐயர் தட்சிணையும் ஓமச் சாமானும், மாலை, சீர்த்தட்டுப் பழங்கள், மைக் செட், மெஹந்தி, மறுவீட்டு விருந்து, வேலையாட்களுக்குப் படி. உங்கள் 1.58 லட்சமும் சாப்பாட்டில் மிஞ்சும் 78,400-ம் சேர்ந்தால் 2.36 லட்சம். மண்டப ஜிஎஸ்டி, சாப்பாட்டு ஜிஎஸ்டி, கரண்ட், துப்புரவு போக இவற்றுக்கு ஈடுகொடுக்கும். லாட்ஜ் அறையை மட்டும் இப்போதே பேசுங்கள், வளர்பிறை முகூர்த்த நாளில் திருச்சியில் அறை கிடைப்பது சிரமம்.

மொய்யை வரவில் எழுதாதீர்கள். அது திருப்பிச் செய்ய வேண்டிய பணம், எவ்வளவு வரும் என்பதும் கையில் இல்லை. மொய் வந்ததும் அடைத்துவிடலாம் என்று வட்டிக்கு வாங்குபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். மொய் எழுத இருவர் உட்காருங்கள், ஒருவர் வாங்கி எண்ணிச் சொல்ல, மற்றவர் பெயர், ஊர், தொகை எழுத. உறைகளை அங்கே பிரிக்காமல் உறை மேலேயே நோட்டின் வரிசை எண்ணை எழுதிப் பெட்டியில் போடுங்கள்.

அடுத்தது பணம் கொடுக்கும் முறை. இரண்டாம் நாள் மதியம் 1 மணிக்கு மேல் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள்: சமையல், மேளம், அலங்காரம், ஜெனரேட்டர், வண்டி, மண்டபம். பெண்ணை அனுப்பும் நேரமும் அதுதான், வீட்டில் யாருக்கும் மனது கணக்கில் இருக்காது. முந்தின நாளே ஆளுக்கு ஒரு கவர் போட்டு, மேலே மொத்தம், கொடுத்த அட்வான்ஸ், பாக்கி மூன்றையும் எழுதி, தாலி கட்டும் சடங்கில் வேலை இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். சித்தப்பா, அத்தான் என்று யாராவது. கையெழுத்து வாங்காமல் எந்தக் கவரும் போகக் கூடாது. ரொக்கம் பற்றி ஒரு விதி உண்டு: ஒரு நிகழ்ச்சிக்காக ஒருவர் இன்னொருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, பிரித்துக் கொடுத்தாலும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். சாப்பாட்டுப் பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

போட்டோகாரருக்கு மட்டும் அன்றே முழுப் பணம் வேண்டாம். ஆல்பத்தில் எத்தனை ஷீட், எத்தனை மாதத்தில், எடிட் செய்யாத படங்கள் எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் உண்டா என்று எழுதி, 20 சதவீதத்தை ஆல்பம் கைக்கு வரும் நாளுக்கு நிறுத்துங்கள்.


மலைக்கோட்டை_தம்பி:

சார், இந்தக் கவர் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாணத்தைப் பதிவு செய்ய எதை எடுத்து வைக்க வேண்டும்? மாப்பிள்ளை வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்கிறார்.


வரவுசெலவு:

அப்படியானால் பத்திரிகை அச்சடிக்கும் போதே தொடங்குங்கள். மணமக்கள் பெயரும் இனிஷியலும் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை அச்சடித்தால் பதிவு அலுவலகத்தில் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி, கல்யாணமான 90 நாளுக்குள் 100 ரூபாய் கட்டணத்தில் பதியலாம். தவறினால் அடுத்த 60 நாளுக்குள் 150 ரூபாய். பத்திரிகையில் நான்கைந்து பிரதி, மண்டப ரசீது, இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படம், தாலி கட்டும் படம் ஒன்று, சாட்சிகளின் அடையாள அட்டை, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் இப்போதே சேர்க்க ஆரம்பியுங்கள். மண்டப ரசீது வாங்கும்போது அதில் மணமக்கள் பெயரும் தேதியும் எழுதச் சொல்லுங்கள், பலர் வெறும் தொகை எழுதிய ரசீதோடு போய்த் திரும்பி வருகிறார்கள். விண்ணப்பத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நிரப்பிவிட்டுப் போனால் அலுவலகத்தில் நேரம் மிச்சம்.

அதே ஃபைலில் இன்னொரு தாள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த பரிசுகளை, என்ன பொருள், ஏறக்குறைய என்ன மதிப்பு, யார் கொடுத்தது, என்ன உறவு என்று தனித்தனிப் பட்டியலாக எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1985-ம் ஆண்டின் விதி சொல்கிறது. கல்யாணத்தின்போதே, முடியாவிட்டால் முடிந்த கையோடு எழுதிவிடுங்கள். தங்கையின் பட்டியல் தங்கையிடமே இருக்கட்டும்.